குண்டு விழுந்த ஊர்கள், கடலுக்குப் போன வழி

மாசி மகத்தன்று விடியும் முன்பே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் வரத் தொடங்கிவிடும். கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஒரு காலத்தில் மாட்டு வண்டியில் வந்த தெய்வங்கள், இப்போது டிராக்டரிலும் மினி லாரியிலும் பூ அலங்காரத்தோடு வந்து இறங்குகின்றன. நாகஸ்வரமும் பறையும் ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கின்றன. அம்மன், பெருமாள், முருகன் என்று ஒவ்வொருவராக மணலில் நின்று, கடலாடி, தீபாராதனை ஏற்றுத் திரும்ப, அடுத்தவர் வந்துவிடுகிறார். இன்னொரு பக்கம் மூத்தோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் குடும்பங்கள் ஈர வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சுற்றுலாப் பலகை இந்த இடத்தைச் ‘சில்வர் பீச்’ என்கிறது. ஊராருக்கு அது தேவனாம்பட்டினம்தான்.

கூட்டத்தை விட்டு விலகி, கெடிலம் கடலில் கலக்கும் பக்கமாக நடந்தால் செயின்ட் டேவிட் கோட்டை நின்ற இடம் வரும். பெரிய மதிலையும் அகழியையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே கிடைப்பது இடிந்த செங்கல் கட்டுமானங்களின் மிச்சமும் புதரும்தான். ஆனால் 1746 முதல் 1752 வரை சோழ மண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இதுவே. சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது அங்கிருந்து தப்பி ஓடி வந்த இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ் தஞ்சம் புகுந்ததும் இங்கேதான். பத்தாண்டு கழித்து, 1756ல், இதே கோட்டையின் தலைமைப் பொறுப்பேற்க அவர் திரும்பி வந்தார். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். அன்று தொடங்கிய இடிபாட்டின் மிச்சத்தில்தான் இன்று ஆடு மேய்கிறது.

கோட்டை கைமாறிய கதை அதைவிடச் சுவையானது. 1690ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கும்பினி இதை விலைக்கு வாங்கியது. பேரம் பேசி முடித்தவர் அப்போது சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல். 1718ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி சூடிக்கொண்ட பெயர் இவருடையதுதான். வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தில் வந்த அவர், வேல்ஸ் நாட்டுப் புனிதரின் பெயரையே கோட்டைக்கு வைத்தார். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு ஒப்பந்தம் சொன்ன விடை விசித்திரமானது: பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும். சென்னையிலிருந்து பெரிய பீரங்கி வந்தது. கோட்டையிலிருந்து திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் எல்லாம் கும்பினிக்குச் சொந்தமாயின. அவற்றுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது.

பீரங்கி சுட்ட செய்தி கும்பினிப் பதிவேடுகளில் இருக்கிறது. குண்டு விழுந்த ஊர்க்காரன் அன்று காலை என்ன நினைத்தான் என்பது அங்கே இல்லை. எந்தத் தோப்பு எல்லையானது, எந்த ஏரிக்கரையோடு கும்பினி ஆட்சி நின்றது, அந்தக் கதை இன்னும் எந்த வீட்டுத் திண்ணையில் சொல்லப்படுகிறது என்பதையெல்லாம் லண்டன் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பயனில்லை. அந்த ஊரிலேயே பிறந்து, அந்தத் திண்ணையிலேயே உட்காரக்கூடியவர்தான் அதை எழுத முடியும்.

இந்தப் பயணத்தின் கேள்வியும் அதுதான். ஓர் ஊரின் வரலாற்றை அந்த ஊர்க்காரர்களே கூடிச் சேர்த்து வைக்க முனைந்தால், அவர்களது ஓராண்டு எப்படி நடக்கும்? கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பும் மூன்று நாள் வழியில் அதற்கான விடை ஊருக்கு ஊர் கிடக்கிறது.

மாசியில் தொடங்கும் ஆண்டு

இப்படிக் கூடுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கடலூருக்கு அண்டை நகரமான புதுச்சேரியில் 1911லேயே பிரெஞ்சிந்திய வரலாற்றுச் சங்கம் தோன்றிவிட்டது. ஆளுநராக இருந்த ஆல்ஃபிரெட் மார்த்தினோ அதை முன்னின்று தொடங்கினார். பழைய ஆவணங்களை வகைப்படுத்தி அச்சிட்டது அதன் பெரும் பணி.

ஆளுநர்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் 1982ல் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் தம் தந்தையும் வரலாற்றறிஞருமான மா. இராசமாணிக்கனார் பெயரில் ஒரு வரலாற்று ஆய்வு மையம் தொடங்கினார். மருத்துவமனை நேரம் போக மீதி நேரத்தில் கோயில் கோயிலாகச் சென்று, கல்வெட்டுப் படித்து, கட்டடம் அளந்து எழுதிய பணி அது. ‘வரலாறு’ என்ற பெயரிலேயே இதழும் வந்தது. தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ இதழை வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊரில் கழகத்தார் கூடுவார்கள். புதிதாகக் கிடைத்த கல்வெட்டு, நடுகல், காசு, செப்பேடு ஒவ்வொன்றையும் கண்டவரே மேடையேறிச் சொல்வார். பேராசிரியரும் பள்ளி ஆசிரியரும் ஓய்வுபெற்ற அலுவலரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம் போல மாவட்ட அளவில் இயங்கும் அமைப்புகளும் இருக்கின்றன. செங்கம் பக்கத்து நடுகற்களையும் ஏரிக்கரைக் கல்வெட்டுகளையும் தேடிப் பதியும் வேலை அப்படி நடக்கிறது.

இவர்களுடைய நாட்காட்டி அலுவலக நாட்காட்டி இல்லை; உழவனுடையது. தை அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் மாசி, பங்குனியில் களப்பணிக்குப் போக முடியும். பயிர் நிற்கும்போது நடுவயலில் கிடக்கும் கல்லை யாரும் நெருங்க முடியாது. சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை; மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் காலம். ஆனி, ஆடியில் சேர்த்ததை வாசித்துத் திருத்தும் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். கடலூர்க்காரருக்கு அந்த இரண்டு மாதமும் வேறு கவலைகள் இருக்கும்.

கிள்ளையில் நிற்கும் பெருமாள்

தேவனாம்பட்டினத்தில் வெயில் ஏறுவதற்குள் புறப்பட்டால் உச்சிப் பொழுதுக்குக் கிள்ளை போய்விடலாம். கடலூரிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரத்தை நெருங்குகிறது. அங்கிருந்து கிழக்கே, பிச்சாவரம் சதுப்புக் காடு போகும் வழியில் இருக்கிறது கிள்ளை.

மாசி மகத்தை ஒட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் இந்தக் கடலுக்கு வருகிறார். மேற்கே உள்நாட்டிலிருந்து புவனகிரி வழியாக, ஊர் ஊராக நின்று, நாள் கணக்கில் நடக்கும் யாத்திரை அது. கிள்ளை தைக்காலில் இருக்கும் தர்காவின் முன்னால் பல்லக்கு நிற்கிறது. தர்கா சார்பில் பெருமாளுக்குப் பட்டும் மாலையும் சாத்துகிறார்கள். கோயில் மரியாதை தர்காவுக்குப் போகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர் வியப்பதைப் போல உள்ளூர் மக்கள் வியப்பதில்லை. அவர்களுக்கு இது வழக்கம். தாத்தா காலத்திலும் இப்படித்தான்.

அந்தத் தாத்தா காலம் எவ்வளவு பழையது? கடலாட்டுக்குச் சாமி கிழக்கே போகும் வழக்கத்துக்குச் சிதம்பரம் கோயில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதல் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவராக இருந்த மணவில் கூத்தன் என்ற நரலோகவீரன் தில்லைக்குச் செய்த திருப்பணிகளை அங்கே 36 பாடல்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கால் மண்டபம், சிவகங்கைக் குளத்துக்குக் கற்படி, மூவர் தேவாரத்தைப் பொறித்த செப்பேடு என்று நீளும் அந்தப் பட்டியலில் மாசிக் கடலாட்டும் வருகிறது. நடராசர் கடலாடப் போகும்போது தங்கக் கடற்கரையில் மண்டபம் கட்டினான், அதற்குப் போக வழி அமைத்தான், வருகிறவர்கள் குடிக்க நல்ல தண்ணீர்க் குளம் வெட்டினான்.

சிவனுக்கு ஒரு படைத்தலைவன் போட்டுக் கொடுத்த வழி, பெருமாளுக்கு ஒரு தர்கா காட்டும் மரியாதை. 900 ஆண்டு இடைவெளியில் இரண்டும் ஒரே கரையை, ஒரே மாசி மாதத்தைச் சுற்றி நிற்கின்றன. முதலாவது கல்லில் இருப்பதால் அச்சேறியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் நான்காம் தொகுதியில் எவரும் படிக்கலாம். இரண்டாவதற்குக் கல் இல்லை. எந்தத் தெரு வழியாகப் பல்லக்கு போகிறது, எந்த வீட்டார் தோள் கொடுக்கிறார்கள், தைக்காலில் யார் முதலில் எதிர்கொள்கிறார்கள், எந்த ஆண்டில் என்ன மாறியது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. ஒரு வரலாற்றுக் குழுவின் மாசி மாத வேலை இதுவே. ஒரு நாள் போதும். ஆனால் அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த மாசி வரை காத்திருக்க வேண்டும்.

சுவரே நூலகமான ஊர்

சிதம்பரத்தில் மறுநாள் காலை. கீழச் சன்னிதி வழியாக உள்ளே நுழைகிறவர்கள் நேரே சிற்சபையை நோக்கி விரைகிறார்கள். கோபுர வாசலில் ஒரு நிமிடம் அண்ணாந்து நின்றால் இருபக்கச் சுவரிலும் 108 கரணங்கள், ஆடும் பெண்ணுருவங்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொரு கரணத்துக்கும் நாட்டிய சாஸ்திரச் சுலோகமும் வெட்டியிருப்பதால் எந்த அசைவு எந்தக் கரணம் என்று அடையாளம் காண முடிந்தது. வடக்குக் கோபுரம் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் திருப்பணி. தெற்குக் கோபுரம் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனின் பேர் சொல்வது. கோபுரமே இல்லாத சிற்றரசர், வணிகர், நந்தவனத்துக்கு நிலம் கொடுத்த பெண்கள் என்று எத்தனையோ பேர் உட்சுவர்களில் வரிசையாக இருக்கிறார்கள்.

இந்தச் சுவர்களும் பாதுகாப்பாக நின்றுவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டின் போர்க்காலத்தில், 1648ல், நடராசரையே ஊரை விட்டு எடுத்துச் சென்றார்கள். குடுமியான்மலையிலும் மதுரையிலும் மறைத்து வைத்திருந்து 1686ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு தலைமுறை தில்லைக்காரர்கள் நடராசர் இல்லாத தில்லையில் வாழ்ந்திருக்கிறார்கள். இந்தச் செய்தியைச் சொன்னவை மராட்டியர் காலத்துச் செப்பேடுகள், கிடைத்தது திருவாரூரில். 1781ல் ஹைதர் அலியின் படை இந்தக் கோயிலையே கோட்டையாக்கிக்கொள்ள, ஐர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலப் படை தாக்கிப் பார்த்துப் பின்வாங்கியது. ஒரு கோயிலின் வரலாறு அதன் மதிலுக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. அடுத்த ஊரில் ஒரு செப்பேடு, கடற்கரையில் ஒரு போர்க்களம், அந்நிய நாட்டுத் தளபதியின் கடிதம் என்று சிதறிக் கிடக்கும். சேர்த்துப் பார்க்க உள்ளூரில் ஆள் வேண்டும்.

சிதம்பரத்துக்கு அப்படிப்பட்ட ஆள்கள் கிடைத்தார்கள். 1920களில் இங்கே கல்லூரியில் வரலாறு கற்பித்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவான பிறகு, வரலாற்றுப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றியும் செஞ்சியின் வரலாற்றைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். தேவனாம்பட்டினமும் கூடலூர் என்ற கடலூரும் வந்து வந்து போகும் நாட்குறிப்பு அது. துபாஷி ஒருவர் தமக்காகத் தமிழில் எழுதி வைத்த அந்தக் குறிப்பு 1846ல் கண்டெடுக்கப்படாமல் போயிருந்தால், 18ஆம் நூற்றாண்டுக் கரையோரத்தைத் தமிழர் கண்ணால் பார்க்க நமக்கு வழியே இருந்திருக்காது.

இவர்கள் வரிசையில் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்புறம்பயத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் 25 ஆண்டு பள்ளித் தமிழாசிரியர். பாடம் முடிந்த நேரத்திலும் விடுமுறையிலும் சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் போய்க் கல்வெட்டுப் படித்தார். 1942ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1960ல் மறையும் வரை இங்கேதான் இருந்தார். மூன்று பகுதிகளாக வந்த ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ இந்த ஊரில் எழுதப்பட்டது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டுமே திறந்திருந்த சோழர் வரலாற்றைத் தமிழ் படிக்கும் எல்லோர் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த நூல் அது. எந்தச் சங்கமும் பின்னால் இல்லாமல் ஒரு பள்ளி ஆசிரியர் தனியாகத் தொடங்கிய வேலை, ஒரு மொழிக்கே வரலாறு ஆனது.

சாஸ்திரியும் பண்டாரத்தாரும் எங்கே முட்டிக்கொண்டார்கள் என்று காண விரும்பினால் சிதம்பரத்திலிருந்து மேற்கே காட்டுமன்னார்கோவில் போக வேண்டும். முதல் பராந்தகன் காலத்து வீராணம் ஏரியின் கரையை ஒட்டிய வழி அது. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது ‘பொன்னியின் செல்வன்’ படித்த ஒவ்வொருவரும் தேடி வரும் கல்வெட்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலத்தைப் பற்றி முதலாம் ராஜராஜன் இட்ட ஆணை. ஒரே கல்வெட்டுதான், முடிவு இரண்டு. கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டோ என்று சாஸ்திரி ஐயம் கொண்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். கொலை நடந்து ஆயிரம் ஆண்டு ஆகியும் வழக்கு முடியவில்லை. நாவலை நம்பி வருகிறவர் கல்லைப் பார்த்துவிட்டுப் போகும்போது இந்த இரண்டு வாதத்தையும் அறிந்துகொண்டு போனால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அதைச் சொல்லிக் கொடுக்க உள்ளூர் இளைஞர்கள் நாலு பேர் போதும்.

கல்வெட்டைப் படி எடுக்கும் முறையை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். முதலில் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் கல்லுக்கு நோகாமல் துடைத்தெடுப்பார்கள். தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும்படி தட்டுவார்கள். ஈரம் காயும் பதத்தில் துணிப் பந்தில் மை தொட்டு ஒற்றிக்கொண்டே போனால், கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வாசகம் எழுந்து வரும். மைப்படி என்று இதற்குப் பெயர். ஒரு படி எடுக்கும் நேரத்தில் கோயில் திருப்பணிக்காரர் மணல் பீய்ச்சும் எந்திரத்தைக் கொண்டுவந்து அதே சுவரை வழுவழுப்பாக்கிவிடும் ஆபத்தும் தமிழ்நாட்டில் உண்டு. ஊரில் பத்துப் பேருக்காவது அந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்திருந்தால், திருப்பணி தொடங்கும் முன்பே யாராவது போய்ச் சொல்வார்கள்.

மணி விளைந்த கொல்லை

திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று பரங்கியர் எல்லாம் வந்து போன துறைமுகம். வெள்ளாறு கடலில் கலக்குமிடம். ஐரோப்பிய வரைபடத்தில் போர்ட்டோ நோவோ, முகலாயர் ஆவணத்தில் மஹ்மூத் பந்தர், ஊர் வாயில் பரங்கிப்பேட்டை. ஹைதர் அலிக்கும் ஐர் கூட்டுக்கும் 1781 ஜூலை 1ல் பெரும் போர் நடந்த களமும் இதுவே. 1830ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவை இங்கே கொண்டுவந்து உருக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். இன்று தெருவில் நடந்தால் பள்ளிவாசல்கள், பழைய கடல் வணிகர் வீடுகள், மீன்பிடித் துறை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையம்.

பரங்கிப்பேட்டையை அடுத்து மணிக்கொல்லை என்று ஓர் ஊர். பெயருக்கு உரை தேவையில்லை: மணி கிடைக்கும் கொல்லை. பழங்காலத்தில் மணி செய்த இடம் இது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டு அகழாய்வுக்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் கீழடியோடு இந்த மணிக்கொல்லையும் சேர்ந்தது. அதற்கு முந்தைய 2024ல் இதே கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் குழி வெட்டினார்கள்.

ஆய்வாளர் வரும் முன்பே ஊர் அதற்குப் பெயர் வைத்து, தகவலைப் பாதுகாத்து வந்திருக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஊர்ப் பெயர்களைத் தொகுப்பது ஒரு வரலாற்றுக் குழுவின் எளிய, ஆனால் பெரும் பயன் தரும் வேலை. வருவாய்த்துறை வரைபடத்தில் இருக்கும் பெயர் மட்டும் போதாது. ‘கோட்டைமேடு’, ‘பாண்டியன் திடல்’, ‘செட்டியார் குளம்’ என்று உழவர் வாயில் இருக்கும் வயல் பெயர், மேட்டுப் பெயர், வாய்க்கால் பெயர் எல்லாம் வேண்டும். மனை போட்டு விற்கும்போது முதலில் அழிவது அவைதான். ‘நகர்’ என்று முடியும் புதுப் பெயர் வந்துவிட்டால் பழையது ஒரு தலைமுறையில் போய்விடும்.

வயலில் ஏதாவது அகப்பட்டால் என்ன செய்வது என்று ஊராருக்குச் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்தது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. பயத்தினால் மறைப்பவரும் ஆசையினால் விற்பவரும் உண்டு. நம்பிக்கையான உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றால், பல சிலைகள் அருங்காட்சியகம் போய்ச் சேரும்.

நூலில் ஏறாத தெருக்கள்

மூன்றாம் நாள் மாலை கடலூர். கெடிலமும் உப்பனாறும் கூடும் இந்தக் கூடலூர் உண்மையில் பல ஊர்களின் கூட்டு. துறைமுகமாக இருந்த முதுநகர், ஆட்சியர் அலுவலகங்களும் அருங்காட்சியகமும் உள்ள மஞ்சக்குப்பம், பாடலீசுவரர் கோயிலைச் சுற்றிய திருப்பாதிரிப்புலியூர், கடலோரத்துத் தேவனாம்பட்டினம். மஞ்சக்குப்பத்தின் கார்டன் ஹவுஸ் கோட்டைத் தலைவர்களின் தோட்ட மாளிகையாக இருந்து பிறகு ஆட்சியர் இல்லமானது.

திருப்பாதிரிப்புலியூரைச் சமணர்கள் பாடலிபுத்திரம் என்றார்கள். லோகவிபாகம் என்ற சமண நூல் சக ஆண்டு 380ல், அதாவது கி.பி. 458ல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் பாடலிகா என்ற ஊரில் எழுதப்பட்டதாக அந்நூலே சொல்கிறது. அந்த ஊர் இதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பல்லவர் காலக் கணக்கைச் சரிசெய்ய உதவிய குறிப்பு அது. நாவுக்கரசர் தருமசேனராக இருந்த சமணப் பள்ளியும் இவ்வூரில்தான் என்கிறது பெரியபுராணம். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரையில் அதற்கு விழா எடுக்கிறார்கள்.

தென்னாற்காடு மாவட்டத்தைப் பற்றி ஜே.எச். கார்ஸ்டின் 1878ல் ஒரு பெரும் கையேடு எழுதினார். டபிள்யூ. பிரான்சிஸ் 1906ல் மாவட்ட விவரச்சுவடியை எழுதினார். ஊர், ஆறு, வரி, போர், பஞ்சம், சாதி, கோயில் என்று எல்லாம் அவற்றில் உண்டு. இன்றும் இந்தப் பகுதி வரலாற்றைத் தேடுபவர் முதலில் திறக்கும் நூல்கள் அவையே. ஆனால் இரண்டும் ஆளவந்த அதிகாரிகள் எழுதியவை. முதுநகரில் 1890ல் பிறந்த அஞ்சலையம்மாள் அவற்றில் இருக்க வழியில்லை. 1927ல் சென்னையில் ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்தில் சிறை சென்று, 1937ல் சட்டமன்ற உறுப்பினரான பெண் அவர். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டுக் கடலூர் அருகே கைதாகி இங்கே சிறையிருந்த பாரதி அவற்றில் இல்லை. 1906ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனும், 1934ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனும் பின்னால் வந்தவர்கள். 1920ல் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரான சுப்பராயலு ரெட்டியார் கடலூர்க்காரர் என்பது கடலூரிலேயே எத்தனை மாணவருக்குத் தெரியும்?

1993ல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து, கடலூர் தனி மாவட்டமான பிறகு கார்ஸ்டினின் அந்தப் பழைய மாவட்டம் பெயரளவிலும் இல்லை. அவருக்குப் பிறகு நடந்ததை எழுத அதிகாரி வரப்போவதில்லை. அது ஊராரின் பங்கு.

பயணம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. மகக் கூட்டம் கலைந்து மூன்று நாளான தேவனாம்பட்டினம் கடற்கரை. வலை பிரித்துக் காயவைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வாரிக்கொண்டுபோன குப்பங்களில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு மார்கழியிலும் அந்தத் தேதியில் மீனவக் குடும்பங்கள் கடலில் பால் ஊற்றி, பூத்தூவி அழுகின்றன. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் இதே கரையில் ஏறிப் பலாவும் முந்திரியும் நின்ற தோப்புகளை மொட்டையாக்கியது. 2015 நவம்பரில் வெள்ளம் வந்து வீடுகளுக்குள் நின்றது. ஒவ்வொரு தடவையும் பெட்டியில் இருந்த பத்திரம், சுவரில் மாட்டியிருந்த படம், பரணில் இருந்த ஓலைச்சுவடி போயிருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரி படிக்கிறார்கள். அவர்களுக்கு அது வரலாறு; அவர்கள் பாட்டிக்கு அது நேற்று. பாட்டி இருக்கும்போதே அதைக் கேட்டு எழுத வேண்டும்.

கோட்டையைப் பிடிப்பது போன்ற பெரிய வேலை எதுவும் இதில் இல்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ, இடையில் இருக்கும் எந்த ஊரிலோ வாழ்கிறவர்கள் ஐந்து பேர் கூடினால் போதும். ஒரு நோட்டு, கைப்பேசியில் ஒலிப்பதிவு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருப் பெயரில் தொடங்குங்கள். அடுத்த மாசி மகத்துக்குக் கிள்ளைக்குப் போங்கள். வரும் டிசம்பர் 26க்கு முன்பாகக் குப்பத்தில் ஒரு பெரியவரிடமாவது உட்கார்ந்து, அன்று காலை நடந்ததை அவர் சொல்கிறபடியே எழுதி, அவர் பெயரும் நாளும் போட்டு, ஒரு பிரதியை அவர் வீட்டிலும் ஒரு பிரதியை ஊர் நூலகத்திலும் வையுங்கள்.